தலைக்கு மேல் ஒரு சொத்து
இரும்புப் பாதை வளர்த்த நகரங்கள்: அத்தியாயம் 11

1963 அக்டோபர் 28 காலையில், தூறலுக்கு நடுவே, நியூயார்க் பென்சில்வேனியா நிலையத்தின் உச்சியிலிருந்து கல் கழுகு ஒன்றைக் கிரேன் கட்டி இறக்கினார்கள் என்பதோடு போன அத்தியாயம் நின்றது. 1910இல் திறந்த நிலையம் அது. பண்டைய ரோமின் கரகல்லா குளியல் மண்டபத்தை மாதிரியாக வைத்து மக்கிம், மீட் அண்ட் ஒயிட் நிறுவனத்தார் எழுப்பிய கட்டடம்; 150 அடி உயரக் காத்திருப்புக் கூடம்; இளஞ்சிவப்புக் கருங்கல். அந்தக் கல்லும் சிற்பங்களும் ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் நியூ ஜெர்சியின் சதுப்பு நிலத்தில் போய்க் குவிந்தன.

அத்தனை பெரிய கட்டடத்தை அந்த ஊரால் ஏன் தடுத்துக் காக்க முடியவில்லை? இதற்குப் பதில் சொல்லாமல் கதையை நகர்த்தக் கூடாது. மக்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1962 ஆகஸ்ட் 2ஆம் தேதி மாலை, கட்டடக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் பதாகை ஏந்தி நிலையத்தைச் சுற்றி நடந்தார்கள். நகரங்களைப் பற்றி எழுதிவந்த ஜேன் ஜேக்கப்ஸ் அந்த வரிசையில் இருந்தார். ஆனால் எதிர்ப்பைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஓர் அதிகாரி வேண்டுமே. அப்படி ஒருவரும் இல்லை. 1963 ஜனவரியில் நகரத் திட்ட ஆணையத்தின் முன் வந்த கேள்வியைப் பாருங்கள்: அந்த இடத்தில் 2,500 பேருக்கு மேல் அமரும் விளையாட்டரங்கம் கட்ட அனுமதி தரலாமா? அவ்வளவுதான். நிலையத்தை இடிக்கலாமா கூடாதா என்பது ஆணையத்தின் வரம்பிலேயே இல்லை. ரயில்வே நிறுவனத்துக்கோ நல்ல பேரம். தலைக்கு மேல் இருக்கும் இடத்தை மேடிசன் ஸ்கொயர் கார்டன்காரர்களுக்குக் கொடுத்தால், அரங்கத்தில் 25 சதவீதப் பங்கு. தரைக்கடியில் குளிர்சாதன வசதியோடு ஒரு சிறிய நிலையம், காசு செலவில்லாமல். சொந்தக்காரர் இடித்தார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வெட்கம் ஒரு சட்டமானது. 1965 ஏப்ரல் 19 அன்று மேயர் ராபர்ட் வாக்னர் புராதனச் சின்னங்கள் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கும் சின்னங்கள் ஆணையம் ஒரு கட்டடத்தைச் சின்னம் என்று அறிவித்துவிட்டால், அதன் அனுமதி இல்லாமல் சொந்தக்காரர் வெளித்தோற்றத்தில் கைவைக்க முடியாது. 1967இல் கிராண்ட் சென்ட்ரல் நிலையம் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. சேர்ந்த தேதி ஆகஸ்ட் 2. பதாகை ஊர்வலம் நடந்து சரியாக ஐந்து ஆண்டு.

சட்டம் வந்தது. அது நிற்குமா என்பதுதான் இனி கதை. அதைச் சொல்ல நாம் 1902க்குப் போயாக வேண்டும். கிராண்ட் சென்ட்ரலை விழுங்கப் பார்த்த பொருளும் கடைசியில் அதைக் காப்பாற்றிய பொருளும் ஒன்றே. அதைக் கண்டுபிடித்தவர் அந்த நிலையத்தைக் கட்டிய பொறியாளர்.

1902 ஜனவரி 8 காலை. பார்க் அவென்யூ சுரங்கத்துக்குள் நீராவி எஞ்சின்களின் புகை அடைத்துக்கொண்டிருந்தது. சிக்னல் கண்ணில் படாமல் வந்த ரயில் ஒன்று, நின்றுகொண்டிருந்த இன்னொரு ரயிலின் பின்பெட்டிகளுக்குள் பாய்ந்தது. 15 பேர் இறந்தார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சாதாரண மக்கள். ஊர் கொதித்தது. 1908 நடுப்பகுதிக்குப் பிறகு மன்ஹாட்டனுக்குள் நீராவி எஞ்சின் வரக் கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டது.

நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் வில்லியம் வில்கஸ் இந்தத் தடையை வேறு விதமாகப் பார்த்தார். மின்சார ரயிலுக்குப் புகை இல்லை. புகை இல்லையென்றால் தண்டவாளங்கள் வானம் பார்த்துக் கிடக்க வேண்டியதில்லை. இரண்டு அடுக்காகத் தரைக்கடியில் இறக்கிவிடலாம். மேலே மூடி போட்டுவிடலாம். மூடியின் மேல் தெரு போடலாம், ஓட்டல் கட்டலாம், வாடகை வாங்கலாம். அதுவரை ரயில் யார்டாக, கரியும் சத்தமுமாகக் கிடந்த பார்க் அவென்யூவின் அந்தப் பகுதி இப்படித்தான் உலகத்தின் விலையுயர்ந்த தெருக்களில் ஒன்றானது. வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டல் நிற்பதும் தண்டவாளங்களின் மேல்தான். அதன் தூண்கள் ரயில் பாதைகளுக்கு இடையே இறங்குகின்றன.

வெற்று ஆகாயத்துக்கு விலை உண்டு என்று ஒரு ரயில்வே பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டியது நகர வரலாற்றில் சின்ன விஷயமல்ல. அந்த வருமானத்தை நம்பித்தான் 1913 பிப்ரவரி 2ஆம் தேதி புதிய கிராண்ட் சென்ட்ரல் திறந்தது. ரீட் அண்ட் ஸ்டெம், வாரன் அண்ட் வெட்மோர் என்ற இரு கட்டடக் கலை நிறுவனங்கள் முட்டி மோதிக்கொண்டு கட்டியது. 42ஆம் தெருவைப் பார்த்த முகப்பில் மெர்க்குரியின் சிலை. நடுக்கூடம் 275 அடி நீளம், 120 அடி அகலம். அண்ணாந்து பார்த்தால் நீலப் பச்சை விதானத்தில் பொன்னிற விண்மீன் கூட்டங்கள். கீழே படிக்கட்டுகளைக் குறைத்து, சாய்தளம் வழியாகவே கூட்டத்தை ரயிலுக்குக் கொண்டு சேர்த்த யோசனை எனக்கு அந்த விதானத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. பெட்டி தூக்கி வரும் பயணியை நினைத்து யாரோ வரைந்திருக்கிறார்கள்.

நிலையத்தின் தலைக்கு மேலும் ஒருநாள் 20 மாடி அலுவலகக் கோபுரம் ஏறும் என்று முதல் வரைபடத்திலேயே இடம் விட்டிருந்தார்கள். கோபுரம் வரவில்லை. அதைத் தாங்கும் பலம் மட்டும் கட்டடத்துக்குள் காத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ரயிலின் நாட்கள் மங்கின. நெடுஞ்சாலைகள் வந்தன, ஜெட் விமானம் வந்தது. நிலையம் நட்டத்தில் ஓடியது. அதைச் சுற்றியிருந்த நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போனது. நகரத்தின் நடுவில், ஐம்பது மாடி எழும்பக்கூடிய மனையில், எட்டுப் பத்து மாடி உயரத்துக்கு ஒரு கட்டடம் மட்டும் நிற்கிறது என்றால் கணக்கப்பிள்ளைகளின் கண் உறுத்தத்தானே செய்யும். 1954இல் ஐ.எம். பெய் நிலையத்தை எடுத்துவிட்டு 80 மாடிக்கு மேல் ஒரு கோபுரம் வரைந்தார். காத்திருப்புக் கூடத்தின் உயரத்தைக் குறுக்குத் தளங்களால் கூறு போட்டு பௌலிங் விளையாட்டுக் கூடங்கள் அமைக்க ஒரு திட்டம் வந்தது. 1961இல் நகரம் மறுத்தது. 1963இல் நிலையத்தின் முதுகுப் பக்கம் 59 மாடி பான் ஆம் கட்டடம் எழுந்து பார்க் அவென்யூவின் வானத்தை மறைத்தது.

1968இல் நியூயார்க் சென்ட்ரலும் அதன் பரம வைரியான பென்சில்வேனியா ரயில்வேயும் ஒன்றாகி பென் சென்ட்ரல் ஆயின. ஆக, ஐந்தாண்டுக்கு முன் ஒரு நிலையத்தை இடித்துப் பழகிய கையும் இந்த நிலையத்தின் சாவியைப் பிடித்தது. அதே ஆண்டு ஜனவரியில் யுஜிபி ப்ராப்பர்ட்டீஸ் என்ற நிறுவனத்தோடு 50 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. கோபுரம் கட்டும் காலத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர். கட்டி முடித்தபின் ஆண்டுக்குக் குறைந்தது 30 லட்சம் டாலர். வரைபடம் போட அமர்த்தப்பட்டவர் மார்செல் ப்ராயர், பௌஹவுஸ் மரபில் வந்த பெரிய பெயர்.

ப்ராயர் இரண்டு வழி காட்டினார். ஒன்று: முகப்பு அப்படியே இருக்கும், அதன் தலைமேல் 55 மாடிக் கோபுரம் உட்காரும். மற்றொன்று: 42ஆம் தெரு முகப்பையும் நிலையத்தின் ஒரு பகுதியையும் இடித்துவிட்டு 53 மாடி. முதலாவதை ஆணையம் அழகியல் கேலிக்கூத்து என்ற பொருள்படத் தள்ளியது. இரண்டாவதற்குச் சொன்ன பதில் இன்னும் எளிது: சின்னத்தைக் காப்பதற்காக அதன் முகத்தைப் பிடுங்குவதில்லை. 1969 ஆகஸ்டில் இரண்டும் மறுக்கப்பட்டன. சில வாரங்களில் பென் சென்ட்ரல் நீதிமன்றம் போனது.

ரயில்வேயின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தனியார் சொத்தைப் பொதுப் பயனுக்காக எடுத்துக்கொண்டால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்பது அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம். நிலையத்துக்கு மேலுள்ள ஆகாயம் எங்கள் சொத்து. அதில் நாங்கள் கட்டக் கூடாது என்கிறீர்கள். ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் இழக்கிறோம். ஊரார் அழகு பார்த்து மகிழ நாங்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? கட்டடத்தை நேசிக்கிற ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் பார்த்துத்தான் ஆக வேண்டும். 1970 ஜூனில் பென் சென்ட்ரல் திவாலானது. அமெரிக்கா அதுவரை கண்டிராத அளவு பெரிய திவால். கேள்வியின் அழுத்தம் இன்னும் கூடியது.

1975 ஜனவரியில் நீதிபதி இர்விங் சேபால் ரயில்வேயின் பக்கம் தீர்ப்பளித்தார். சின்னம் என்ற அறிவிப்பு செல்லாது என்றார். நகரம் எவ்வளவு இழப்பீடு தர வேண்டும் என்ற கேள்வியை முடிக்காமல் வைத்தார். அதுதான் கத்தி. நியூயார்க் நகராட்சி அப்போது கடனில் மூழ்கி, ஊழியர் சம்பளத்துக்கே திண்டாடிய ஆண்டு. மேல்முறையீடு செய்து தோற்றால் இழப்பீட்டுக் கணக்கு எங்கே போய் நிற்குமோ என்று மேயர் ஏபிரகாம் பீம் தயங்கினார். மேல்முறையீடு இல்லாமல் போயிருந்தால் கிராண்ட் சென்ட்ரலோடு அந்தச் சட்டமும் செத்திருக்கும்.

இந்த இடத்தில்தான் ஊர் உள்ளே வந்தது. முனிசிபல் ஆர்ட் சொசைட்டியின் முயற்சியில் கிராண்ட் சென்ட்ரலைக் காக்கும் குழு ஒன்று திரண்டது. ஜனவரி 30 அன்று நிலையத்தின் கீழ்த்தளத்திலிருக்கும் ஆய்ஸ்டர் பாரில் செய்தியாளர்களைக் கூட்டினார்கள். ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் வந்து நின்றார். மறைந்த ஜனாதிபதியின் மனைவி ஒரு ரயில் நிலையத்துக்காகப் பேசியதும், உள்ளூர்ச் சொத்து வழக்கு நாடு முழுக்கச் செய்தியானது. பிப்ரவரியில் மேயருக்குத் தம் கையாலேயே கடிதம் எழுதினார்: இந்த ஊரின் நினைவுச் சின்னங்களை ஒவ்வொன்றாகப் பறிகொடுத்தால் நம் பிள்ளைகளுக்கு எது மிஞ்சும் என்ற ஆதங்கம் அதில் இருந்தது. நகரம் மேல்முறையீடு செய்தது. புகழுள்ள ஒருவர் தம் புகழை எதற்குச் செலவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1975 டிசம்பரில் மேல்முறையீட்டு மன்றம் சேபாலின் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. 1977இல் மாநிலத்தின் உச்ச மன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய சார்லஸ் ப்ரைட்டல் கேட்ட கேள்வி இந்த வழக்கின் மிக ஆழமான இடம் என்பது என் கருத்து. இந்த நிலையத்தின் மதிப்பை உண்டாக்கியது யார்? ரயில்வே மட்டுமா? தெருக்களையும் சப்வேயையும் நகரம் அமைத்தது. ரயில்வேக்களுக்கு அரசு சலுகைகள் தந்தது. லட்சோப லட்சம் மக்கள் நாள்தோறும் அங்கே வந்து போகிறார்கள். இவ்வளவும் சேர்ந்துதானே அந்த மனைக்கு விலை ஏறியது? சமூகம் உண்டாக்கிய மதிப்பின் மீதும் முழு வருமானத்தைச் சொந்தக்காரர் உரிமையாகக் கேட்க முடியாது என்றார் ப்ரைட்டல். வாஷிங்டனின் உச்ச நீதிமன்றம் இந்த வழியே நடக்கவில்லை. அது எனக்கு வருத்தமே. நகரத்தின் நிலம் பற்றி நேர்மையாகப் பேச முயன்ற ஒரு தர்க்கம் அங்கேயே நின்றுவிட்டது.

1978 ஏப்ரல் 16. விசாரணைக்கு முந்தைய நாள் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்கு ஒரு தனி ரயில் கிளம்பியது. லேண்ட்மார்க் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். நிலையத்துக்காக வழக்காடப் போனவர்கள் ரயிலிலேயே போனார்கள். ஜாக்குலினும் அதில் இருந்தார். மறுநாள் நகரத்தின் தரப்பை எடுத்துச் சொன்னவர் நகராட்சியின் சட்டத்துறை வழக்கறிஞர் லெனர்ட் கோர்னர்.

ஜூன் 26 அன்று தீர்ப்பு. ஆறு பேர் நகரத்தின் பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம். பெரும்பான்மைக்காக எழுதிய வில்லியம் ப்ரெனன், ஆகாயத்தை மட்டும் தனியே வெட்டியெடுத்து, அது முழுதாகப் பறிபோய்விட்டது என்று முறையிட முடியாது என்றார். மனையை முழுதாகப் பார்க்க வேண்டும். 65 ஆண்டுகளாக எதற்குப் பயன்பட்டதோ அதற்கே நிலையம் இன்றும் பயன்படுகிறது. நியாயமான வருமானத்துக்கும் வழி அடைபடவில்லை. மேலே எதையுமே கட்டக் கூடாது என்று ஆணையம் சொல்லவும் இல்லை, இந்தக் கோபுரத்தைத்தான் மறுத்தது. இதோடு இன்னொன்றையும் சேர்த்தார். நிலையத்தின் தலைக்கு மேல் பயன்படுத்த முடியாத கட்டட உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள நகர விதி இடம் தருகிறது. சுற்றுவட்டாரத்தில் குறைந்தது எட்டு மனைகள் அதற்குத் தகுதியாக இருந்தன. அந்த உரிமைக்கு விலை உண்டு. ஆகையால் ரயில்வே வெறுங்கையோடு நிற்கவில்லை.

எதிர்த் தீர்ப்பை எழுதியவர் வில்லியம் ரென்க்விஸ்ட். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் உள்ள ஊரில் ஐந்நூறுக்கும் குறைவானவற்றின் சொந்தக்காரர்களை மட்டும் பிடித்து ஊருக்கான செலவைச் சுமத்துவது எப்படிச் சரி என்று கேட்டார். மண்டல விதி எல்லோருக்கும் பொது. இது சிலருக்கு மட்டும். ஊரார் எல்லோரும் அனுபவிக்கும் ஒன்றுக்கு ஊரார் எல்லோரும் சிறிது சிறிதாகப் பணம் போட்டால் போதுமே என்றார். தோற்ற தரப்பின் வாதம்தான். ஆனால் அதைத் தூக்கி எறிய என் மனம் ஒப்பவில்லை. ப்ரெனனின் தீர்ப்பு நின்றது, நிற்க வேண்டியதும் அதுதான். அமெரிக்காவின் ஊர் ஊராக இருந்த பாதுகாப்புச் சட்டங்களுக்கு அன்றுதான் முதுகெலும்பு கிடைத்தது. ஆனாலும் செலவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி தீர்ப்போடு தீர்ந்துவிடவில்லை. அது இடம் மாறிப் போனது.

எங்கே போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிலையத்தின் ஆகாயத்திலிருந்து ஒரு பகுதி 42ஆம் தெருவின் எதிர்ச்சாரிக்குப் போய் 1982இல் ஃபிலிப் மாரிஸ் கட்டடத்தில் சேர்ந்தது. மிச்சம் கைமாறிக்கொண்டே இருந்தது. நிலையம் புறநகர் ரயில்களின் முனையமாக உயிர் பெற்றது. 1990களில் முழுமையாகப் புதுப்பித்தார்கள். விதானத்தில் பல பத்தாண்டு அழுக்கு கறுத்துப் படிந்திருந்தது. துடைத்து எடுத்தார்கள். எப்படி இருந்தது என்று பிற்காலத்தார் அறிய கடக ராசியின் அருகே ஒரு சிறு துண்டை மட்டும் துடைக்காமல் விட்டார்கள். 1998 அக்டோபர் 1இல் மறுபடி திறந்து வைத்தார்கள்.

2006இல் நிலையத்தின் அடிமனையையும் அதன் ஆகாய உரிமையையும் ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது. பக்கத்தில் ஒன் வாண்டர்பில்ட் கோபுரத்துக்கு நகரம் தானாகவே கூடுதல் உயரம் அனுமதித்தபோது, எங்கள் ஆகாயத்தை விலைக்கு வாங்க ஆளில்லாமல் செய்துவிட்டீர்கள் என்று 2015இல் நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு சமரசம் ஆனது. நிலையத்தைப் போக்குவரத்து ஆணையம் 2020இல் 3.5 கோடி டாலருக்கு வாங்கிச் சொந்தமாக்கிக்கொண்டது. 2017இல் நகரம் விதியைத் தளர்த்தி, சின்னங்களின் ஆகாய உரிமையைக் கிழக்கு மிட்டவுன் முழுவதும் எந்த மனைக்கும் விற்கலாம் என்றது. ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு, தெருவையும் ரயில் நிலைய வழிகளையும் சீராக்கும் நிதிக்குப் போகும்.

அந்தப் புதிய விதியில் முதலில் வந்தவர்களில் ஒன்று ஜேபி மார்கன் சேஸ் வங்கி. 270 பார்க் அவென்யூவில் அதன் தலைமையகம் 52 மாடி யூனியன் கார்பைடு கட்டடத்தில் இருந்தது. 1960இல் எழுந்த, எஃகும் கண்ணாடியுமான 707 அடி உயரக் கட்டடம். ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்தின் படைப்பு. அதை வடிவமைத்ததில் பெரும் பங்கு நடாலி டி ப்ளாய் என்பவருடையது. பெண்களைக் கட்டடக் கலைஞர்களாக ஏற்கவே தயங்கிய காலத்தில் வேலை செய்தவர். கட்டடத்தின் அடியில் கிராண்ட் சென்ட்ரலின் தண்டவாளங்கள் ஓடுவதால் லிஃப்டுகளையே இரண்டாம் தளத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வில்கஸின் மூடிக்கு மேல் நின்ற கட்டடம் அது. வங்கி கிராண்ட் சென்ட்ரலிடமிருந்து லட்சக்கணக்கான சதுர அடி ஆகாயத்தை விலைக்கு வாங்கியது. அந்த ஆகாயத்தை நிரப்ப இருந்த கட்டடம் போதாது. 2019 முதல் 2021 வரை யூனியன் கார்பைடு கட்டடத்தைப் பிரித்து எடுத்தார்கள். சொந்தக்காரர் தாமாக விரும்பி இடித்த கட்டடங்களில் உலகிலேயே அதுவரை அவ்வளவு உயரமானது எதுவும் இல்லை. அந்த இடத்தில் 1,388 அடி உயரப் புதிய கோபுரம் 2025இல் திறந்தது.

யூனியன் கார்பைடு கட்டடம் புராதனச் சின்னங்களின் பட்டியலில் இல்லை. அதற்காகக் கட்டடக் கலைஞர்கள் குரல் கொடுத்தார்கள்; ஆணையம் முன்வரவில்லை. 1960இன் கட்டடம் ஒன்றைப் பழமை என்று ஊர் இன்னும் பார்க்கப் பழகவில்லை. 1962இல் பென்சில்வேனியா நிலையத்துக்கு வயது 52. யூனியன் கார்பைடு கட்டடத்துக்கு இடிக்கும்போது வயது 59.

அடுத்த அத்தியாயத்தில் லண்டன் போகிறோம். 1961 கடைசியில் யூஸ்டன் நிலையத்தின் கல் வாயிலை இடிக்கத் தொடங்கிய நாடு, ஆறே ஆண்டுகளில் அதே சாலையில் உள்ள செயின்ட் பாங்கிராஸ் நிலையத்துக்கு முதல் தரப் பாதுகாப்பு கொடுத்தது. அங்கே வழக்கு மன்றம் இல்லை, ஆகாயச் சந்தையும் இல்லை. ஒரு கவிஞரும் ஒரு சிறிய சங்கமும் ஓர் அமைச்சகமும் இருந்தன.

(தொடரும்)